ரம்ஜான் பீவி மஞ்சளைச் சோதித்த கதை

கோட்டைமேட்டு ரம்ஜான் பீவிக்கு ஒரு சந்தேகம் வந்தால் தீர்த்துவைக்க நாற்பத்தோராயிரம் பேர் இருந்தார்கள். கட்டிய கணவர் அந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை.

நாற்பத்தோராயிரம் பேரும் குடியிருந்தது ஃபேஸ்புக்கில், ‘நஞ்சில்லா அடுப்படி’ என்ற குழுவில். பால் திரிந்தால் அங்கே கேட்பார்கள். திரியாவிட்டால், ஏன் திரியவில்லை என்று இன்னும் பதற்றமாகக் கேட்பார்கள். முட்டை ஆடினால் பிளாஸ்டிக், ஆடாவிட்டால் ரசாயனம். தர்பூசணி சிவப்பாக இருந்தால் ஊசி, வெளுத்திருந்தால் மலட்டு விதை. இத்தனை விஷத்தையும் தின்றுவிட்டு அத்தனை பேரும் தினம் காலையில் தவறாமல் எழுந்து ஒருவருக்கொருவர் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டது மருத்துவ உலகம் கவனிக்க வேண்டிய விஷயம்.

குழுவை நடத்தியவர் கிணத்துக்கடவு வேலன். அதற்கு முன்னால் தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். மனுஷக் குடலும் ஏறக்குறைய அப்படித்தான் சுற்றிச் சுற்றிக் கிடக்கிறது என்ற தைரியத்தில் உணவுத் துறைக்குள் வந்தார். தினமும் காலை ஆறு மணிக்கு ‘இன்றைய எச்சரிக்கை’ என்று ஒன்று போடுவார். அதைப் படித்த பிறகுதான் பல வீடுகளில் அடுப்புப் பற்றவைத்தார்கள். சில வீடுகளில் அதைப் படித்ததால் பற்றவைக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரம்ஜான் பீவியின் கணவர் அப்துல் மஜீத் முப்பது வருஷமாக மசாலா வியாபாரி. ‘மஜீத் மசாலா’ என்றால் உக்கடம் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். விரலி மஞ்சளை ஒடித்துப் பார்த்து அது எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். காய்ந்த மிளகாயைக் காதுப் பக்கம் ஆட்டி, உள்ளே விதை குலுங்குகிற சத்தத்தை வைத்து ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். சொல்லிவிடுவார் என்றால், கடையில். மனுஷர் அங்கே வாய் ஓயாமல் பேசுவார். வீட்டுப் படி ஏறினதும் தமிழ் மொழி முழுவதும் சுருங்கி ‘ம்’ என்கிற ஒற்றை எழுத்தில் வந்து நின்றுவிடும். சோறு வைக்கட்டுமா என்றாலும் அதுதான், ஊரே தீப்பற்றி எரிகிறது என்றாலும் அதுதான்.

ரம்ஜான் பீவி குழுவில் சேர்ந்தது ஐந்து வருஷத்துக்கு முன்னால். மகள் ஹுமேரா உடுமலைப்பேட்டையில் வாக்கப்பட்டு, தலைப்பிள்ளை உண்டாகியிருந்த நேரம். பேரீச்சம்பழம் பளபளப்பாக இருக்க ஏதோ எண்ணெய் தடவுகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாசமாக இருக்கிறவள் அதைச் சாப்பிடலாமா என்று கணவரிடம் கேட்டாள்.

“ம்” என்றார்.

சாப்பிடலாம் என்ற ம்மா, கூடாது என்ற ம்மா என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. மகளுடன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடமே கேட்டாள். இரண்டே முக்கால் மணி நேரம் உட்காரவைத்த அந்த அம்மா, நிமிர்ந்து பார்க்காமலே, “சத்தாச் சாப்பிடச் சொல்லுங்க. அடுத்தவங்க வாங்க” என்றார். கடைசியில் கலப்படப் புகார் எண் என்று பேப்பரில் போட்டிருந்த ஒன்றுக்கும் போன் போட்டுப் பார்த்தாள். பதினோரு நிமிஷம் பாட்டுக் கேட்கவைத்துவிட்டு, பாக்கெட்டின் பேட்ச் நம்பர் என்ன என்று கேட்டார்கள். கடையில் கிள்ளி நிறுத்துக் கொடுக்கிற பேரீச்சம்பழத்துக்கு யார் ஜாதகம் எழுதிவைக்கிறார்கள்?

அன்று மத்தியானம் அதே கேள்வியைக் குழுவில் போட்டாள். இரண்டு நிமிஷத்தில் பதில் வர ஆரம்பித்தது. மொத்தம் நாற்பத்துமூன்று. இருபது பேர் தாராளமாகச் சாப்பிடலாம் என்றார்கள். பத்தொன்பது பேர் தொடவே கூடாது என்றார்கள். மீதி நாலு பேர் ‘ஃபாலோயிங் அக்கா’ என்று எழுதிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்கள். ஆக, விஷயம் புறப்பட்ட இடத்திலேயே இருந்தது. ஆனால் நாற்பத்துமூன்று பேரும் அவளை ‘அக்கா’ என்று கூப்பிட்டிருந்தார்கள். காங்கேயத்திலிருந்து ஒரு பெண், “பொண்ணுக்கு எத்தனாவது மாசமுங்க அக்கா? தண்ணியில அலசிக் குடுங்க, பயப்படாதீங்க” என்று எழுதி, மறுநாள் மறக்காமல் வந்து, “பாப்பா எப்படி இருக்கறாங்க?” என்றும் கேட்டிருந்தாள். ரம்ஜான் பீவிக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் உண்டாகியிருந்த அந்த ஐந்து மாதத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

அன்று போய் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. தேங்காய் எண்ணெய் உறையாதது பற்றிக் கேட்டாள். நாட்டுச்சர்க்கரை வெளுத்திருப்பது பற்றிக் கேட்டாள். கடுகில் காட்டு விதை கலக்கிறார்களா, கசகசாவில் ரவை கலக்கிறார்களா என்றெல்லாம் கேட்டாள். இதற்கெல்லாம் பதில் தெரிந்த ஒரு மனுஷர் எதிரே உட்கார்ந்து குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டுப் பெற்ற பதில்களில் பாதி தப்பு என்பது அவளுக்கும் தெரியும், அவள் ஒன்றும் அசடு இல்லை. ஆனால் அங்கே கேட்டால் திரும்பக் கேட்டார்கள்.

போன பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, வேலன் மஞ்சளுக்கு வந்தார். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், ஒரு சிட்டிகை சமையல் சோடா. நிறம் மாறாவிட்டால் அது சுத்தம். சிவந்தால் ஈயம் கலந்த விஷம். ‘உங்கள் வீட்டு மஞ்சளின் யோக்கியதையை இன்றே அறியுங்கள்’ என்று கீழே மூன்று மண்டை ஓடு.

ரம்ஜான் பீவி இதற்காகவே காத்திருந்த மாதிரி எழுந்தாள். மஞ்சள் விஷயத்தில் அவளை அசைக்க யாரால் முடியும்? கணவர் கையால் தேர்ந்தெடுத்து, கண்ணெதிரே அரைத்த மஞ்சள். டம்ளரைப் படம் எடுத்துப் போட்டு, எங்கள் வீட்டு மஞ்சள் பத்தரை மாற்று என்று நாற்பத்தோராயிரம் பேர் முன்னால் ஒரு தடவை நெஞ்சு நிமிர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கணவரிடம் சொல்லாத பெருமை அவளுக்கு அவர்மேல் நிறைய இருந்தது.

சோடாவைப் போட்டாள். மஞ்சள் சிவந்தது.

சிவக்காமல் என்ன செய்யும்? சுத்தமான மஞ்சள் தோற்பதற்கென்றே அமைந்த பரீட்சை அது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டாலும் சோடா பட்டாலும் சிவக்கும். குழுவில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் கல்யாணத்திலும் வளைகாப்பிலும் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலந்து, செக்கச் செவேலென்று ஆரத்தி எடுத்து, தெருமுனையில் ஊற்றிவிட்டு வந்தவர்கள். அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. தட்டில் இருந்தால் மங்கலம், போனில் வந்தால் விஷம்.

ரம்ஜான் பீவி விடவில்லை, வேறு டம்ளர் எடுத்தாள். இரண்டாவது டம்ளரிலும் சிவந்தது, மூன்றாவதிலும் சிவந்தது. சந்தைக்காரன் யாரோ கணவரை ஏமாற்றிவிட்டான் என்றுதான் அவள் மனசு போயிற்று. கணவரிடம் நேரே கேட்டிருக்கலாம். அதைத்தான் அவள் செய்யவில்லை. பெயர் காட்டாமல் பதிவு போட குழுவில் வசதி இருந்தது. அதில் படத்தைப் போட்டு, ‘எங்க வீட்டு மஞ்சள் இப்படி ஆகுதுங்க, யாராச்சும் சொல்லுங்க’ என்று எழுதினாள்.

பெயரை மறைத்தவள் பாக்கெட்டை மறைக்கவில்லை. டம்ளருக்குப் பக்கத்தில் பச்சை எழுத்தில் ‘…ஜீத் மசா…’ என்று அரைகுறையாகத் தெரிந்தது. உணவில் விஷம் கண்டுபிடிக்கிறவர்களுக்கு இரண்டு எழுத்து கண்டுபிடிப்பது என்ன கஷ்டம்? நாற்பது நிமிஷத்தில் கடையின் பெயர், இருக்கும் தெரு, போகிற வழி எல்லாம் கமெண்டில் வந்துவிட்டன. ஒருவர் வாசலில் இருந்து எடுத்த போட்டோவே போட்டார். ரம்ஜான் பீவி பதறிப்போய்ப் பதிவை அழித்தாள். அதற்குள் எண்ணூறு பேர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை வரலட்சுமி கடைக்கு வந்தார். உள்ளூர் ராமநாதபுரத்தில் மெஸ் நடத்துகிறவர், பன்னிரண்டு வருஷத்து வாடிக்கை. பிரிக்காத நாலு பாக்கெட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் பூப்போல வைத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க பாய். எனக்கு உங்க மேல ஒரு சந்தேகமும் இல்லீங்க.”

“அப்பறம் ஏனுங்க அம்மணி திருப்பிக் குடுக்கறீங்க?”

“சாப்புட வர்ற பசங்க எல்லாம் போனைக் காட்டறாங்க பாய். நான் என்னங்க பண்றது?”

மஜீத் பாய் பொறுமையாகக் கேட்டார். “உங்க மக கல்யாணத்துக்கு ஆரத்திக்கு என்னங்க கலக்குனீங்க? எங்கடைல தானுங்களே மஞ்சள் வாங்குனீங்க? சுண்ணாம்பு போட்டதும் செவந்துச்சா இல்லீங்களா?”

வரலட்சுமி கொஞ்சம் யோசித்தார். “செவந்துச்சுங்க.”

“அதேதானுங்க இது.”

“அது வாஸ்தவமுங்க பாய். ஆனா குரூப்புல வேற மாதிரி போட்டிருக்காங்களே” என்று சொல்லிவிட்டு, கும்பிட்டுப் போனார். கொங்கு நாட்டில் கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள்.

அடுத்த வாரத்தில் இரண்டு ஓட்டல்காரர்களும் ஒரு கல்யாணச் சமையல்காரரும் அதே மரியாதையோடு விலகிக்கொண்டார்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள் வாங்க வந்தவர்கள்கூட வரவில்லை. மஞ்சளில் கை வைத்தவன் மல்லியை விட்டுவைப்பானா என்பது நியாயமான கேள்விதானே. அரவை மிஷின் காலையில் ஒரு மணி நேரம் ஓடி நின்றுவிடும். முப்பது வருஷத்துப் பெயர் பதினைந்து நாளில் போய்க்கொண்டிருந்தது, போக்கியவள் அவருக்குத் தினமும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

ரம்ஜான் பீவிக்கு இப்போது விஷயம் புரிந்திருந்தது. பக்கத்து வீட்டில் ஆரத்தி கலக்கியதைக் கண்ணால் பார்த்த நாளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சொந்தப் பெயரில் குழுவுக்குள் போய், ‘சோடா பட்டா நல்ல மஞ்சளும் செவக்குமுங்க, சோதனையே தப்புங்க’ என்று எழுதினாள். வேலன் உடனே பதில் போட்டார். மசாலா வியாபாரிகளின் ஆட்கள் குழுவுக்குள் ஊடுருவியிருப்பதாகவும், உறுப்பினர்கள் விழிப்புடன் இருக்குமாறும் கேட்டுக்கொண்டார். கூடவே ரம்ஜான் பீவிக்கு ஏழு நாள் வாய்ப்பூட்டு. ஐந்து வருஷமாக அக்கா என்று கூப்பிட்டவர்களில் பதினாறு பேர் அதற்குக் கைதட்டினார்கள்.

இதோடு அவள் அந்தக் குழுவைத் தலைமுழுகியிருக்க வேண்டும். புத்தியுள்ள யாரும் அதைத்தான் செய்வார்கள். ஏழு நாளும் அவள் எழுத முடியாமல் படித்துக்கொண்டு மட்டும் இருந்தாள், கோபித்துக்கொண்டு வந்த பிறந்த வீட்டை எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறவள் மாதிரி.

மஜீத் பாய் மஞ்சளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து முத்திரை குத்திய காகிதம் வந்தது. ஈயம் இல்லை, சாயம் இல்லை, மஞ்சளில் மஞ்சள்தான் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். லீவுக்குப் பிள்ளையோடு வந்திருந்த ஹுமேரா அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். மொத்தம் பதினோரு லைக் விழுந்தது. ‘எவ்வளவு குடுத்தீங்க?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆய்வுக்கூடங்களைத் தான் மதிப்பதாகவும், ஆனால் நம் முன்னோர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போனதில்லை என்றும் வேலன் சொன்னார். நம் முன்னோர்கள் ஃபேஸ்புக்குக்கும் போனதில்லை என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவரே ‘வேலன் நஞ்சில்லா மஞ்சள்’ என்று விற்க ஆரம்பித்தார். அது எதைப் போட்டாலும் சிவக்கவில்லையாம். உள்ளே என்னதான் இருந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இந்த நேரத்தில்தான் மஜீத் பாய் ஒரு காரியம் செய்தார். பணம் வந்து விழுகிற அறிவிப்பைக் கேட்பதற்கு மட்டும் வைத்திருந்த போனை ஹுமேராவிடம் கொடுத்து, “அந்த குரூப்புல என்னையும் சேத்தி உடு கண்ணு” என்றார்.

“எதுக்கு அத்தா?”

“போட்டது ஆருன்னு பாக்கோணும்.”

அடுப்படியில் நின்ற ரம்ஜான் பீவி தாளிக்கப் போட்ட கடுகைக் கருகவிட்டாள். அன்றிலிருந்து அவர் ஆள் இல்லாத கடையில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தள்ளித் தள்ளிப் படிப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள். வீட்டிலும் படித்தார். சாப்பிட்டுக்கொண்டே படித்தார். அவள் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார், மறுபடி போனுக்குள் போய்விடுவார். சொல்லிவிடலாம் என்று அவள் பத்து தடவையாவது வாயைத் திறந்திருப்பாள். கடையை அழித்தது உங்கள் எதிரி இல்லை, நான்தான் என்று கணவரிடம் எப்படிச் சொல்வது? சொன்ன பிறகு அதே கையால் அவருக்கு எப்படித் தண்ணீர் கொடுப்பது? இதை யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும் போலிருந்தது.

யாரிடம் கேட்டாள் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? வெள்ளிக்கிழமை மத்தியானம், அவர் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மறுபடி பெயரை மறைத்துக் குழுவில் எழுதினாள். தெரியாமல் ஒரு பதிவு போட்டதால் ஒரு பெண்ணின் கணவர் வியாபாரம் படுத்துவிட்டது. அவர் நல்ல மனுஷர். அவருக்கு இன்னும் தெரியாது. அந்தப் பெண் சொல்லலாமா, கூடாதா?

குழு சும்மா இருக்குமா? நூற்றுக்கும் மேலே பதில். சொல்லிவிடுங்கள் என்றார்கள் பாதிப் பேர். ஆண்களுக்கு எல்லாவற்றையும் சொல்லி வைக்கக் கூடாது என்றார்கள் மீதிப் பேர். ஒருவர் மனப் பதற்றத்துக்குச் சீரகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஒருவர் வாழைத்தண்டு ஜூஸ் சொன்னார், அவர் எதற்கும் எப்போதும் அதையேதான் சொல்லும் ஆள். காங்கேயத்துப் பெண், “அழுகாதீங்க அக்கா” என்று எழுதியிருந்தாள். யார் என்றே தெரியாமல் அக்கா என்றிருந்தாள்.

நாலு மணிக்கு ரம்ஜான் பீவி திறந்து பார்த்தபோது எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நீளமான பதில் இருந்தது. ஒரு விரலால் குத்திக் குத்தி எழுதியதென்று பார்த்தாலே தெரிந்தது.

“நான் கோட்டைமேடு அப்துல் மஜீதுங்க. அந்தக் கடை என்னுதுங்க. அந்தம்மாவைத் தாராளமாச் சொல்லச் சொல்லுங்க. அவங்க ஊட்டுக்காரருக்கு மொத நாளே தெரியுமுங்க. கடைக்கு வந்தவங்க காட்டுன போட்டோவுல டம்ளருக்குப் பின்னாடி இருக்கற டைல்ஸ், அவரே கடை கடையா ஏறி எறங்கி வாங்கிப் பதிச்சதுங்க. கோவம் வந்துச்சுங்க, இல்லீன்னு சொல்லல. திட்டறதுக்கு முந்தி வேற என்னென்ன எழுதி வெச்சிருக்காங்கன்னு பாக்கறதுக்குத்தான் இதுல சேந்தனுங்க. அஞ்சு வருசத்துல நூத்தி அறுவது கேள்வி கேட்டிருக்காங்க. கடுகு, கசகசா, மொளகாத்தூளு. எல்லாமே அவருக்குப் பதில் தெரிஞ்ச கேள்விங்க. போன பெருநாளுக்கு முந்தியே ரெண்டு காலும் எரியுதுன்னு மூணு தடவ எழுதியிருக்காங்க. அது மட்டும் அவருக்குத் தெரியாதுங்க. காங்கேயத்துல இருக்கற ஒரு தங்கச்சிக்குத் தெரிஞ்சிருக்குது. அந்தத் தங்கச்சி நல்லா இருக்கோணுமுங்க.”

ரம்ஜான் பீவி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

குழு மட்டும் வழக்கம்போலத் தன் கடமையைச் செய்தது. சாயங்காலத்துக்குள் இரண்டாயிரத்து அறுநூறு பேர் அந்தப் பதிலுக்கு இதயம் போட்டார்கள். கால் எரிச்சலுக்கு நாற்பது வைத்தியம் வந்தது. கூட்டம் கூடுவதைப் பார்த்த வேலன் தன் மஞ்சளைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பதிலை மேலே தூக்கிக் குத்திவைத்தார். ஆரத்தி சிவப்பது பலருக்கு ஒரே நாளில் ஞாபகம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் வரலட்சுமி கடை திறக்கும் முன்பே வந்து நின்று, “எனக்கு அப்பவே தெரியுமுங்க பாய்” என்று எட்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த ஆய்வுக்கூட முத்திரையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முத்திரையால் ஆகாத காரியம் அடுப்படி டைல்ஸால் ஆயிற்று.

அது மறுநாள் கதை. அந்த வெள்ளிக்கிழமை மஜீத் பாய் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தார். கையில் சர்க்கரை பார்க்கிற லேப்புக்கு டோக்கன் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “காலை நீட்டு, பாக்கலாம்” என்றார். அவள் நீட்டவில்லை.

“அத்தனை பேர் முன்னாடி எழுதறதுக்கு, எங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமுங்களே.”

“நேர்ல சொன்னா நீ எங்க நம்பப் போற? குரூப்புல போட்டாத்தான நம்பற.”

ரம்ஜான் பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“முப்பத்திரண்டு வருசத்துல நீங்க எதைச் சொல்லி, நான் எதை நம்பாமப் போனேனுங்க?”

மஜீத் பாய் அவள் காலைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இந்தக் கேள்விக்குப் பதில் என்ன என்று வேண்டுமானால் குரூப்பில் கேட்டுப் பார்க்கலாம்.